இரண்டு குழாயிலும் ரத்தம்!

கைப்பேசி அலறியது.

மீன் உருண்டைகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்த கிம் ஸ்வீக்கு இரண்டு கையும் ஈரம். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

மதிய நேரம். கடை முன்னால் பன்னிரண்டு பேர் வரிசை.

"மிஸ்டர் தியோ கிம் ஸ்வீயா? கிளினிக்ல இருந்து நர்ஸ் பேசறேன். நீங்க தபால்ல அனுப்பின மலப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்கு. ரெண்டு குழாயிலயும் ரத்தம் இருக்கு அங்கிள்!"

வரிசையில் முதலில் நின்ற பெண்மணி சத்தமில்லாமல் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தாள்.

"பயந்துடாதீங்க. ரத்தம்னா உடனே புற்றுநோய்னு அர்த்தமில்ல. ஆனா கொலோனோஸ்கோப்பி பண்ணி, குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தே ஆகணும். வயித்து வலி, எடை குறையறது... ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. குதிரை மாதிரி இருக்கேன்."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் அங்கிள் இந்த டெஸ்ட்டே!"

பின்னால் 'ணங்' என்று சத்தம். அவன் மனைவி லே ஹூன் கையிலிருந்த கரண்டி தரையில் கிடந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கிம் ஸ்வீ போனை அணைத்தான். திரும்பிக்கொண்டான்.

சிரித்தான்!

பைத்தியமா? இல்லை. அவன் கணக்கில், அந்த ரத்தம் அவனுடையதே அல்ல!

அவனுக்கு ஐம்பது வயது முடிந்த மறுநாளே லே ஹூன் இரண்டு இலவசக் குழாய்களை வாங்கி வந்து அவன் கையில் திணித்திருந்தாள். இரண்டு நாள் மலத்தைக் குச்சியால் தொட்டு, குழாயில் போட்டு, தபாலில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி. அதற்கு மயக்க ஊசி. மயக்கத்தில்... உளறல்!

வாத்துச் சோற்றுக் கடைக்காரன் அப்படித்தான் மாட்டினான். பாதி மயக்கத்தில் சின்ன வீட்டு முகவரியை அடுக்குமாடிப் புளோக் எண்ணோடு பெண்டாட்டியிடமே சொல்லிவிட்டான்.

கிம் ஸ்வீயின் ரகசியம் சின்ன வீட்டைவிடப் பெரியது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் மூன்று பேர் கெலோங்குக்குப் போனார்கள். கடல் நடுவே மரக்கால்களில் நிற்கும் மீன்பிடி மேடை. திரும்பி வந்தது இரண்டு பேர். வராதவன் ஹாக் செங். லே ஹூனின் அண்ணன். மீன் உருண்டைக் கடை அன்று அவனுடையது.

'வழுக்கி விழுந்துட்டான்!' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதவன் கிம் ஸ்வீ.

தள்ளிவிட்டவனும் அவனேதான்!

அதைப் பார்த்த ஒரே ஆள், மூன்றாமவன் பூன் கியாட். ஈரச்சந்தையில் காய்கறி விற்பவன். தினமும் அறுபது சுற்று நீந்துகிறவன். குழாய்களை அவனிடமே நீட்டினான் கிம் ஸ்வீ.

"எனக்குக் குமட்டுதுடா. நீதான் இரும்பாட்டம் இருக்கியே. எனக்காக இதுல கொஞ்சம் போட்டுக் குடு. லே ஹூன் நச்சரிக்கிறா."

"கோப்பி கேப்பாங்க, சிகரெட் கேப்பாங்க. இதைக் கேக்கற மொத ஆளு நீதான்லா!"

சிரித்த பூன் கியாட் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

"ஸ்வீ... பேய்ங்க உலாவற ஏழாம் மாசம் வந்தாலே ஹாக் செங் சொட்டச் சொட்ட நனைஞ்சு கனவுல நிக்கறான். என்னால முடியல. அடுத்த வருஷம் மக கல்யாணம். அது முடிஞ்சதும் போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

அன்றிலிருந்து கிம் ஸ்வீக்குத் தூக்கம் போயிற்று. பூன் கியாட்டை என்ன செய்வது? கத்தியா? மறுபடியும் கடலா? அந்த யோசனையிலேயே, பூன் கியாட் நிரப்பிக் கொடுத்த குழாய்களைத் தபால் பெட்டியில் போட்டான். அதே யோசனையில், சில நாள் கழித்து வீட்டுக் கழிப்பறையில் இரண்டு நாள் காலையில் தண்ணீர் நின்றபோது கத்தினான். "நான் பாத்துக்கறேன், நீ கடைக்குப் போ" என்றாள் லே ஹூன்.

இப்போது இந்த போன்!

பூன் கியாட்டின் குடலில் ரத்தம்! கத்தி வேண்டாம், கடல் வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மிச்சத்தை எமன் பார்த்துக்கொள்வான். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

எவ்வளவு சுத்தமான கொலை!

*

மருத்துவமனைக் கடிதம் வந்தது. கிழித்தான்.

இரண்டாவது வந்தது. கிழித்தான்.

மூன்றாவதை லே ஹூன் சட்டைக்குள் ஒளித்துவைத்துக் கொண்டுவந்தாள்.

"வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. நான் கூட வர்றேன். வா, ஸ்வீ."

"எனக்கு ஒண்ணும் இல்லடி!"

"எங்கப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல! ஒரு வலி இல்ல. தெரிஞ்சப்போ மூணே மாசம். உன் கால்ல விழறேன். அண்ணன் போனதுக்கப்புறம் எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்கே!"

நிஜமாகவே விழுந்தாள். அவன் காலை உருவிக்கொண்டு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். கல்லுக்குக்கூடக் கொஞ்சம் ஈரம் இருக்கும். இவனிடம் அதுவும் இல்லை.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. லே ஹூன் ஒன்பது கிலோ இளைத்தாள். கடைசியில் ஈரச்சந்தைக்கு ஓடினாள். கீரைக்கட்டுகளுக்கு நடுவே நின்று ஓவென்று அழுதாள்.

"பூன் கியாட், நீ சொன்னாலாவது கேப்பான். மலப் பரிசோதனைல ரத்தம்னு வந்துடுச்சு. ரெண்டு குழாயிலயும்! கொலோனோஸ்கோப்பிக்கு வரவே மாட்டேங்கறான்!"

பூன் கியாட்டின் கையிலிருந்த கங்கோங் கீரைக்கட்டு நழுவியது.

"எப்... எப்போ வந்துச்சு?"

"நாலு மாசம் ஆச்சு!"

"அவனுக்குத் தெரியுமா?"

"அவன்தானே போனை எடுத்தான்! கேட்டுட்டுச் சிரிக்கிறான்... எனக்குத் தைரியம் சொல்ற மாதிரி!"

பூன் கியாட் கடையை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினான்.

*

பதினைந்தாம் நாள் மாலை. கிம் ஸ்வீ வீட்டின் இரும்புக்கதவு தடதடத்தது.

பூன் கியாட்! கையில் ஒரு காகிதம்.

"பாவி! என் குடல்ல ரத்தம்னு தெரிஞ்சும் நாலு மாசம் என்கூட உக்காந்து கோப்பி குடிச்சியே! 'நல்லா நீந்துடா, உடம்புக்கு நல்லது'ன்னு வேற சொன்னியே!"

"மெதுவாப் பேசுடா. அவ உள்ளே இருக்கா."

"பேதி மருந்து குடிச்சு, ராவெல்லாம் கக்கூஸ்ல குந்தி, 'சாமி, மக கல்யாணம் வரைக்குமாவது விடு'ன்னு அழுதேன். போய்ப் படுத்தேன். என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன?"

"சுத்தம்! ஒரு சின்னக் கட்டிகூடக் கிடையாது! பத்து வருஷத்துக்கு வராதேன்னுட்டாங்க!"

கிம் ஸ்வீ காகிதத்தைப் பிடுங்கினான். படித்தான். மறுபடி படித்தான்.

"இருக்காதே... அப்போ அந்த ரத்தம்?"

"உன்னோடதுதான்."

சொன்னது லே ஹூன். சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நீ அனுப்பினது செல்லல. குழாய்ல தேதி எழுதல, வேற அனுப்புங்கன்னு கிளினிக்ல எனக்குப் போன் பண்ணாங்க. உன்கிட்ட சொன்னா மறுபடியும் செய்ய மாட்டே. அதான் புதுக் குழாய் வாங்கிட்டு வந்து, ரெண்டு நாள் காலையில கழிப்பறைத் தண்ணிக் குழாயை மூடிட்டேன். நீ கத்திட்டுப் போனதும் நானே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன்."

கிம் ஸ்வீயின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

நாலு மாதம்! அடுத்தவன் சாவுக்குக் காத்திருந்த நாலு மாதம்!

"லே ஹூன்... ஆஸ்பத்திரியில மறுபடியும் தேதி குடுப்பாங்களா? போலாம்... இப்பவே போலாம்!"

"போலாம். ஆனா தனியா இல்ல" என்றது ஒரு புதுக்குரல்.

பூன் கியாட்டின் பின்னாலிருந்து உயரமான ஒருவர் உள்ளே வந்தார். "இன்ஸ்பெக்டர் ரோஸ்லான். ஹாக் செங் வழுக்கி விழலையாமே? உங்க நண்பர் மக கல்யாணம் வரைக்கும் பொறுக்கல. இன்னைக்குக் காலையிலேயே எழுதிக் குடுத்துட்டார்."



லே ஹூன் கணவனை நெருங்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"என் அண்ணனையா?"

அவன் தலை கவிழ்ந்தது.

"நாலு மாசமா நீ பொழைக்கணும்னு கால்ல விழுந்தேன். இப்பவும் சொல்றேன், போய் டெஸ்ட் எடு. ஒரு கட்டி இருந்தா வெட்டிடச் சொல்லு. நீ நோயில சீக்கிரம் செத்துத் தப்பிச்சுடக் கூடாது!"

*

அடுத்த வியாழக்கிழமை. மருத்துவமனை.

இரண்டு லிட்டர் பேதி மருந்தும், அது படுத்திய பாடும் முடிந்து, கிம் ஸ்வீ பச்சை அங்கியில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது.

"மயக்க ஊசி போடறவங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். கூட வந்தவர் யாரு?" என்றாள் நர்ஸ்.

"நான்தான்" என்றார் இன்ஸ்பெக்டர் ரோஸ்லான்.

"வே... வேணாம்! ஊசி வேணாம்! முழிச்சிருக்கும்போதே பண்ணுங்க!" கிம் ஸ்வீ அலறினான். மருந்து ஏற்கெனவே நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

"மயக்கத்துல ஏதாவது உளறுவார் சார். கண்டுக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"கண்டுக்க மாட்டேன் சிஸ்டர்... எழுதிக்கறேன்!"