ஆள்காட்டி விரல்

மனித குலத்தின் தேய்மானத்தையே நிறுத்தப்போகும் அமுதம் கும்மிடிப்பூண்டியில் பிறந்துவிட்டது என்று ஆயுத பூஜையன்று பயோடெக் கம்பெனி எம்.டி. ஆதிநாராயணன் அறிவித்தார். அதற்குமுன் மைக்கை விரலால் மூன்று முறை தட்டினார், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அமுதம் இருந்த ஃப்ரீசரின் கதவு மூடாது. சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார்கள்.

சதையை வளரத் தூண்டும் மனிதப் புரதம் அது. அதற்கான மூல ஜீன் தன் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்தது என்பதில் அவருக்குப் பெருமை. பூஜை நாளில் எந்த மெஷினும் ஓடக் கூடாது என்று ஃப்ரீசருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து அவரே ஸ்விட்சை அணைத்தார். இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்தபோது அமுதம் வெதுவெதுப்பாக இருந்தது.

கொட்டச் சொன்னார்கள். லேப் டெக்னீஷியன் பிரின்சி மூன்று குப்பிகளை டிபன் பாக்ஸில் போட்டுப் புதுவாயலுக்கு, தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல’ என்று குப்பியில் ஒட்டியிருந்தது, ஒட்டியதே அவள்தான். ஆனால் உருக்காலை மெஷினுக்கு வலக்கை ஆள்காட்டி விரலைக் கொடுத்த அவள் புருஷன் லோகுவுக்கு ஐந்து மாதமாகப் புண் ஆறவில்லை. இனி கையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தடவிய நான்கே நாளில் புண் மூடியது. பிரின்சி சர்ச்சில் சாட்சி சொன்னாள். குப்பியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விரல் முளைத்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மழை பிடித்துக் கரண்ட் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் இரைச்சலுக்கும், ஆலைப் புகையும் காயாத துணியும் கலந்து வீசிய வாடைக்கும் நடுவே, கட்டில் பக்கமிருந்து மெல்லிய இன்னொரு சத்தம் பிரின்சியின் காதில் விழுந்தது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

“சும்மா இருக்க மாட்டியாயா?”

“நான் தட்டலமே,” என்றான் லோகு. “அதுவா தட்டினுகீது.”

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கொழுகொழுவென்று, வேலையே செய்யாத விரல்.

“நம்ம கலரே இல்லியேமே இது,” என்றான் லோகு.

அடியில் வட்டமாக வெளுத்த மோதிரத் தடம். லோகு எந்த மோதிரமும் போட்டவனில்லை. எம்.டி. ஆள்காட்டி விரலில் போட்டிருக்கும் புஷ்பராகக் கல் மோதிரம் அவள் கண்முன் வந்து நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன தடவினாய் என்று கேட்பார்கள். துப்பட்டாவால் அந்தக் கையைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். லோகு மாத்திரை போட்டுக் கண் அயர்ந்தான். அவளுக்கு ஜெபம் பாதியில் மறந்துபோனது. அரிவாமனையை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெட்டினால் பழைய புண். அப்புறம் கை. வெட்டாவிட்டால்?

தட்டும் சத்தம் நின்றது.

முடிச்சு அவிழ்ந்திருந்தது.

கை எழுந்தது. மெதுவாக. அவன் முகத்தை நோக்கி.

லோகு விழித்துவிட்டான். இடக்கையால் வலக்கையை இழுத்தான். அவளும் அரிவாமனையைப் போட்டுவிட்டு அந்தக் கையில் தொங்கினாள். நகரவில்லை. விரல் அவன் மூக்குத் துவாரத்துக்குள் நுழைந்தது. முதல் கணு. இரண்டாவது. ரத்தம். அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

மீட்டிங்கில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தால், ஆதிநாராயணன் சார் மூக்கு நோண்டுவார்.