கழுதை எப்போது இறங்கும்?

நொறுக்கு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எப்போது பார்த்தாலும் சிப்ஸையோ பிஸ்கட்டையோ நொறுக்கிக்கொண்டே இருந்ததால் அப்பா வைத்த பெயர். வயது பத்து. ஆளுக்கொரு குரல் வைத்துக் கதை படித்துக் காட்டுவதில் பள்ளியிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் போன வருடப் புத்தகத் திருவிழாவில் பாதிக் கதையில் எழுந்து ஓடினாள்.

தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து சமூகக்கூடத்தில் நடத்தும் திருவிழா அது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புத்தகங்கள் வந்து மேசைகளில் குவியும். யாரும் எதையும் எடுத்துப் படிக்கலாம். கூடத்தின் நடுவில் கதை நாற்காலி இருக்கும். அதில் உட்காருகிறவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். பாதியில் எழுந்துவிட்டால் நூலகர் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மிச்சத்தை அடுத்த வருடம் அதே ஆள்தான் வந்து படிக்க வேண்டும். யார் கெஞ்சினாலும் நூலகர் மசிய மாட்டார்.

நொறுக்கு படித்தது, கலங்கரை விளக்கத்துக்குள் ஏறிப்போன ஒரு கழுதையின் கதை. கழுதை உச்சிக்குப் போனது. ஆசை தீரக் கடலைப் பார்த்தது. பிறகு திரும்பிக் கீழே பார்த்தது. நூற்றியிருபது படிகள். அந்த இடத்தில்தான் நொறுக்குவின் வயிறு அவளைக் கைவிட்டது. மூன்று நாளாக அடைத்துக்கொண்டு கிடந்த வயிறு, சுருட்டிப் பிடித்து இழுத்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட, நூலகர் புத்தகத்தை மூடினார்.

அன்றிலிருந்து எதிர்வீட்டு வாண்டு அவளை விடவில்லை. அவனுக்கு ஐந்து வயது. அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்பான், பல் துலக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்பான்.

"அக்கா, கழுதை இறங்கிடுச்சா?"

ஒருநாள் தொல்லை தாங்காமல், இறங்கிவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். "நீ இன்னும் படிக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இந்த வருடத் திருவிழா முடிந்த மறுநாள், வாண்டுவின் குடும்பம் வேறு ஊருக்கு வீடு மாறுகிறது. இந்த முறை விட்டால் அவனுக்குக் கதை முடியவே முடியாது. இது தெரிந்த நாளிலிருந்து நொறுக்குவுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வயிறு மறுபடியும் அடைத்துக்கொண்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்ட் முடிந்த கையோடு அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த நர்ஸ் அக்கா வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டார். நொறுக்கு உண்மையைச் சொன்னாள். பட்டியலில் பாதி, பாக்கெட்டில் வருவதாகவே இருந்தது.

"உன் குடலுக்குள்ள கோடிக்கணக்கான குட்டிக்குட்டி உயிர்கள் இருக்கு. உனக்காக வேலை செய்யறதே அதுங்கதான்," என்றார் நர்ஸ் அக்கா. "நார் உள்ள காய், பழம்னா அதுங்களுக்கு உசிரு. நீ சிப்ஸையே கொட்டிட்டு இருந்தா அதுங்க என்னதான் பண்ணும்? இந்தப் பருவத்துல என்ன விளையுதோ, காய்கறி வண்டியில எது குவிஞ்சு கிடக்குதோ, அதை வாங்கிச் சாப்பிடு. தண்ணி நிறைய குடி."

கோடிப் பேர் தனக்குள் பட்டினி கிடப்பது நொறுக்குவுக்கு அதுவரை தெரியாது. அன்றே முடிவெடுத்தாள்.

முதல் நாள் அவரைக்காய் கயிறு மாதிரி இருந்தது. இரண்டாம் நாளும் கயிறுதான். ஆனாலும் மென்று விழுங்கினாள். அப்பா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று பார்க்க, மெஷின் மேல் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேரட்டைக் கடித்தாள். கடைசியில் அந்த பாக்கெட்டை அப்பாவே தின்று தீர்த்தார்.

அவள் சாப்பிடும்போதெல்லாம் வாண்டு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இதைச் சாப்பிட்டா கழுதை இறங்குமா?"

"கண்டிப்பா இறங்கும்டா."

அப்படியானால் சரி என்று அவனும் தட்டை நீட்டினான். ஆரஞ்சு, பேரிக்காய், கேரட் என்று வண்டியில் வந்ததையெல்லாம் இருவரும் பங்குபோட்டார்கள். ஐந்தாம் நாள் நொறுக்குவின் வயிறு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் அவரைக்காயை அவளே கேட்டு வாங்கினாள். அப்பா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வண்டியில் முதன்முறையாக பீட்ரூட் வந்தது. அப்பா ஒரு பெரிய கிண்ணம் நிறையத் துருவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். இருவரும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். சிவந்த நாக்கைக் கண்ணாடியில் காட்டி, ஒருவரை ஒருவர் பயமுறுத்தினார்கள்.

மறுநாள் காலை கழிவறையில் நொறுக்கு குனிந்து பார்த்தாள். எல்லாம் சிவப்பாக இருந்தது.

ரத்தம் என்று நினைத்தாள். வயிறு வலிக்கவில்லை, ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே. அப்பாவிடம் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கதை நாற்காலி பதினோரு மணிக்கு. முதலில் படித்து முடிப்போம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டாள். சட்டையை மாற்றி, தலை சீவி, வெளியே வந்தாள்.

எதிர்வீட்டில் வாண்டு வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படபடப்பாக வெளியே வந்தார்.

"இவனுக்கு ரத்தமா போகுதும்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்க அப்பாகிட்ட சொல்லிடு."

நொறுக்கு அப்படியே நின்றாள். இரண்டு பேருக்கு, ஒரே காலையில், ஒரே சிவப்பு. இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தோம் என்று யோசித்தாள். அப்பாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. துருவிய கை இன்னும் வெளுக்கவில்லை என்று காலையில்கூட சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் தன் குட்டும் வெளிப்படும். நாற்காலியும் போகலாம். ஆனால் வாண்டு பயத்தில் விக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தை, நில்லுங்க. எனக்கும் அப்படித்தான் போச்சு. நேத்து நாங்க ரெண்டு பேரும் பீட்ரூட் சாப்பிட்டோம். அதுவா இருக்குமோன்னு தோணுது."

அத்தை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். குரல் கேட்டு அப்பாவும் ஓடிவந்தார். திருவிழாவுக்கு வருகிறவர்களின் உடம்பைப் பரிசோதிக்க நர்ஸ் அக்கா இன்று சமூகக்கூடத்தில்தான் மேசை போட்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கும் அதே வழிதான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நொறுக்கு சொன்னாள். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

கூடத்தில் நர்ஸ் அக்காவின் முன் நீள வரிசை. அத்தை முன்னால் போய் விஷயத்தைச் சொல்வதற்குள், நொறுக்கு புத்தக மேசைகளுக்கு இடையே புகுந்தாள். உடம்பைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று மூன்றாவது மேசையில் கிடைத்தது. குடல் என்ற பகுதியைத் தேடிப் பிடித்து, வரி வரியாக விரலை ஓட்டினாள். தேடியது அங்கே இருந்தது. பீட்ரூட்டின் நிறம் சிலருக்கு உடம்பில் சிதையாமல் அப்படியே வெளியே வரும், அதனால் ஆபத்து இல்லை என்று போட்டிருந்தது.

புத்தகத்தைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் அக்கா அதைப் படித்துவிட்டு வாண்டுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி இருக்கிறதா, வேறு என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தார். அடுத்து நொறுக்குவையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"பீட்ரூட்டேதான். நாளைக்குள்ள சரியாயிடும். ஆகலைன்னா வந்து பாருங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு நொறுக்குவிடம் திரும்பினார். "ஆனா நீ ஏன் மறைச்சே? சிவப்பைப் பாத்தா உடனே பெரியவங்ககிட்ட சொல்லணும். பீட்ரூட்டா இல்லியான்னு நாங்க பாத்துக்கறோம்."

நொறுக்கு தலையாட்டினாள். அப்பா அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

பதினோரு மணிக்கு நூலகர் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவையாவது முடித்துவிடுவாயா என்று மெதுவாகக் கேட்டார். முடிப்பேன் என்றாள் நொறுக்கு. வாண்டு முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கழுதை பயந்தது. ஒரு காலை நீட்டியது, இழுத்துக்கொண்டது. பிறகு மெல்லத் திரும்பி நின்று, பின்பக்கமாக ஒரு படி இறங்கியது. நூற்றியிருபது என்று நொறுக்கு எண்ணினாள். நூற்றிப்பத்தொன்பது என்று பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பதாவது படியில் கழுதைக்குத் தலை சுற்றியது. இருபதாவது படியில் வழுக்கியது. கூடத்தில் இருந்த பெரியவர்கள்கூடப் புத்தகங்களை மடியில் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். மூன்று. இரண்டு. ஒன்று. கழுதையின் கால் மண்ணில் பட்டது.

நொறுக்கு புத்தகத்தை மூடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். வாண்டு மட்டும் கைதட்டவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"பாவம்க்கா. ஒரு வருஷமா மேலயே நின்னுட்டு இருந்துச்சு. கால் எப்படி வலிச்சிருக்கும்?"

"வலிச்சிருக்கும்டா," என்றாள் நொறுக்கு. நாற்காலியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.