முள்ளங்கி முகக் குவளை

"மூடி எதுக்கும்மா? உள்ள ஏதாச்சும் விழாம இருக்கவா, இல்ல உள்ள இருக்கறது வெளிய வராம இருக்கவா?"

மகள் வால்புர்கா ஆறு வயதில், பீர்க் குவளையின் மூடியைக் காட்டிக் கேட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் ஈ விழாமலிருக்க வந்த மூடி என்று ஊரார் சொல்வதையே கிரெசென்ஸும் அன்று சொல்லிவைத்தாள். மகள் கல்யாணமாகி ஆக்ஸ்பர்க் நகரத்துக்குப் போய்விட்டாள். தனியாக மதுக்கடை நடத்தும் தாய்க்கு ஒரு வாரமாக அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கொர்பினியானின் குவளை தினமும் காலையில் மூடி திறந்து நின்றது.

வாடிக்கையாளர்களின் பீங்கான் குவளைகள், ஆளுக்கொரு உருவத்தில், அலமாரியில் வரிசையாக இருந்தன. வனக்காவலருக்கு ஆந்தை, கசாப்புக்கடை ஓட்மாருக்குப் பன்றி. தேவாலயத்தில் மணியடித்த கொர்பினியானுக்கு, சோகமாக உதடு தொங்கிய முள்ளங்கி; இலைக்கொத்துதான் மூடி. "என் மூஞ்சியேதான்" என்று சந்தையில் அவரே பொறுக்கி எடுத்தது. அவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

"என்ன சென்ஸி, செத்தும் அவனுக்குத் தாகம் தீரலையா?" என்றார் ஓட்மார் கிரெசென்ஸிடம்.

"கீல் தளர்ந்துபோச்சு, அவ்வளவுதான்."

"என் பொண்டாட்டி வாய்க்கும் அதே கோளாறுதான்!"

கடையே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூடி திறந்திருந்தால் இன்னொன்று ஊற்று, மூடியிருந்தால் போதும். அங்கே யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஜனவரியில் ஒருநாள், நின்று நின்று கால் வீங்கிய அலுப்பில், கடைசியாக உட்கார்ந்திருந்த கொர்பினியானின் திறந்த மூடியை அவளே கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு, சென்ஸி. கோபுரத்துல ரொம்பக் குளிருது."

"வீட்டுக்குப் போங்க கொர்பினியான்."

"நீயும் களைச்சுப்போயிருக்கே, பாவம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடியலில் மணி அடிக்கவில்லை. மணிக்கயிற்றின் கீழே உட்கார்ந்தபடியே விறைத்திருந்தார். பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இதைச் சொல்லவில்லை. மூடியை மூடியது என்ன பாவம்?

இறந்தோர் நினைவு நாள். கடைக்கு விடுமுறை. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நாலு மணிக்குத் திரும்பியபோது ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பழைய பீரும் அணைந்த அடுப்பும் வழக்கமாக வீசும் கூடத்தில், நனைந்த கம்பளியின் வாடை, யாரோ பனியிலிருந்து இப்போதுதான் உள்ளே வந்து கோட்டை உதறியது போல, மெல்லப் பரவியிருந்தது.

காலையில்தான் கொர்பினியான் குவளையின் மூடியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

கயிறு கல்லாமேசைமேல் கிடந்தது. அறுந்திருக்கவில்லை. மணியடிப்பவர்கள் கயிற்றை மடித்துச் சுற்றி வைப்பார்களே, அப்படிச் சுற்றியிருந்தது.

மூடி திறந்திருந்தது.

கால் வலித்தது, அன்று போலவே. கட்டைவிரல் மூடியை நோக்கிப் போனது. நின்றது.

சிலுவை போட்டுக்கொண்டாள். பீப்பாயைத் திறந்து, நுரையால் ஏமாற்றாமல், விளிம்புவரை ஊற்றினாள். அடுப்போரம் அவர் உட்காரும் இடத்தில் வைத்தாள்.

"குடிங்க. அன்னிக்கே குடுத்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

குடிப்பவரை வெறித்துப் பார்க்கக் கூடாதென்று திரும்பி நின்றாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெஞ்சு முனகியது.

விழுங்கும் சத்தம். நிதானமாக. நீளமாக.

தெருவில் யாருமில்லை. கூப்பிட்டாலும் கேட்காது.

சத்தம் நின்றது. திரும்பினாள்.

வாசலிலிருந்து பெஞ்சுவரை ஈரக் காலடிகள். உள்ளே வந்தவை மட்டும்.

குவளை காலி. முள்ளங்கியின் தொங்கிய உதட்டில் நுரை.

மூடியின் தகரப் பிடியில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, உறைபனி பூத்தது.

மூடி மெல்ல இறங்கியது.

போதும்.