பொலிமர் தின்ற நஸீர்!

"ஐயோ...! ஆளு விழுந்துட்டாருங்கோ...!"

இராக்கம்மாவின் அலறல் ஊசிப்பாறைத் தோட்டத்தின் தேயிலை ஸ்டோர் முழுக்கக் கேட்டது.

கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தான் நஸீர்!

வெள்ளைச் சட்டை. கறுப்பு டை. வலக்கையில் ஒரு கரண்டி.

வாயோரத்தில்... ஜெலி!

"செத்துட்டாரா?"

"கண்ணு மேல சொருகிக் கெடக்கு..."

கூட்டத்தைத் தள்ளிக் கொண்டு ஒரு பெண் குனிந்தாள். நஸீரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"உயிர் இருக்கு! லொறியக் கொண்டு வாங்க! டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்க! சீக்கிரம்!"

அவள் பெயர் ஜெனீரா.

யார் இந்த ஜெனீரா? யார் இந்த நஸீர்? சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஒருவன் பிணம் மாதிரிக் கிடக்கும்போது நீட்டி முழக்குவது மரியாதையில்லை.

நஸீர், 'ஸ்டொப்போ' பவுடரின் விற்பனை ஏஜண்ட். பவுடரைத் தண்ணீரில் கரைத்து, கூடவே வரும் போத்தலில் இருந்து சில சொட்டு விட்டால் போதும்... கொஞ்ச நேரத்தில் ரோஸ் நிற ஜெலியாக இறுகி விடும். வெடித்த தாங்கி, ஒழுகும் தண்ணீர்ப் பீலி எல்லாம் அடைபடும். பதுளையிலிருந்து அப்புத்தளை வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கடைசியில் ஒரு கரண்டி ஜெலியைத் தானே தின்று காட்டுவான். ஒரே கைதட்டல்!

ஜெனீரா பதுளைக்காரி. கொழும்பில் அரசாங்க இரசாயன அதிகாரி. அந்த 1982இல், இரசாயனச் சாமான்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் எழுதிக் கொண்டிருந்தார்கள். அதில் ஒரே ஒரு வரிக்குத்தான் சண்டை!

'பொலிமர் என்றால் பதிவும் வேண்டாம், ஆபத்துப் பரிசோதனையும் வேண்டாம்.'

அந்த வரி இருக்க வேண்டும் என்றது ஸ்டொப்போ கம்பெனி. இருக்கலாமா, வெட்டலாமா? நேரில் பார்த்து வரச் சொல்லி ஜெனீராவை அனுப்பியிருந்தார்கள்.

"இஞ்ச பாருங்க மெடம்! பொலிமர்! சாப்பாட்டை விட நல்ல சாமான்!" என்று சற்று முன்புதான் அவளுக்கு எதிரில் ஒரு கரண்டியை விழுங்கினான் நஸீர்.

இராக்கம்மா நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையைக் கூட அவன் வாங்கவில்லை.

அப்படியே சாய்ந்து விட்டான்!

லொறி அவனை ஏற்றிக் கொண்டு போன சூட்டோடு, தகவல் கேட்டுப் பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. மீசை முதலில் இறங்கியது. பின்னால் இன்ஸ்பெக்டர் நிஸாம் இறங்கினார்.

"என்ன மெடம், உங்கட கண்ணுக்கு முன்னால கொலை நடந்தீக்கு!"

"ஆள் இன்னும் மௌத்தாகல்ல இன்ஸ்பெக்டர். அவசரப்படாதீங்க."

"சரி, கொலை முயற்சி. எனத்த திண்டார்?"

"பொலிமர்."

"அது எனத்த, மாட்டிறைச்சியா?"

ஜெனீராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக் கொண்டாள்.

"உங்கட வீட்டுல தஸ்பீஹ் மாலை ஈக்கா?"

"ஈக்கு."

"அதைச் சல்லடையில போட்டா விழுமா?"

"எப்படி விழும்?"

"நூல் அறுந்து மணி மணியாப் போனா?"

"பொலபொலன்னு விழும்."

"அவ்வளவுதான்! கோத்த மாலைதான் பொலிமர். எங்கட தோலுக்குள்ளால போகாது. தனி மணி போகும். இந்தப் பவுடர் முழுக்கத் தனி மணி... நரம்பத் திண்ணுற விஷம்! அந்தச் சொட்டு மருந்தை விட்டாத்தான் மாலையாகுது."

"எல்லா மணியும் மாலையில சேருமா?"

"அப்படிக் கேளுங்க! மாலையில சேராம மிச்சம் கிடக்கிற மணி எவ்வளவு? அதத்தான் நான் வந்ததுல இருந்து கேக்கிறன். நஸீர் பதில் சொல்லாம கரண்டியத் தூக்கினார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"இண்டைக்கு இதைக் கலக்கினது யாரு?"

கூட்டம் விலகி வழி விட்டது.

வீரய்யா வந்தான். தோட்டத்தில் தாங்கி, பீலி எல்லாம் பழுது பார்க்கிறவன். இராக்கம்மாவின் புருஷன். நாலு அடி நடப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறினான்.

"வாளியில கலக்குனது நான்தானுங்க."

"கையக் காட்டு."

காட்டினான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்து கிடந்தன!

"ஒனக்கும் ஏஜண்டுக்கும் ஏதாவது சண்டையா?"

பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக் கொண்டது. "காலையில ஆள் எண்ணுற நேரம், பெரட்டுக் களத்துல வச்சி, 'அந்தப் பவுடர நீயே தின்னு சாவுடா'ன்னு கத்துனானுங்க!"

"கத்துனேன்தான்!" வீரய்யா தலையை நிமிர்த்தினான். "தோட்டத்துத் தாங்கி பூரா வெறுங்கையால அடைச்சேன். இப்ப நெருப்புக் கங்கைத் தொட்டாக்கூட சுடுறது தெரியலைங்க. படியில எறங்குனா என் காலை நானே தேட வேண்டியிருக்கு. இந்தா பாருங்க ஐயான்னு கையக் காட்டுனா, 'சாராயத்தக் கொறை'ங்கிறாரு. நான் அதத் தொடவே மாட்டேங்க!"

"ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அத இப்பச் சொல்லணுமா?"

சிரிப்பு கிளம்பியது. இன்ஸ்பெக்டரின் மீசை துடித்ததும் அடங்கி விட்டது.

"அந்த ஆத்திரத்துல அவர்ட கிண்ணத்துல கரைக்காத பச்சைப் பவுடரப் போட்டுட்ட... சரிதானே?"

வீரய்யா மனைவியைப் பார்த்தான்.

இராக்கம்மாவின் கையில் அந்தத் தேத்தண்ணிக் கோப்பை இன்னும் இருந்தது. ஏதோ சொல்ல வந்தாள்...

வீரய்யா சட்டென்று முன்னால் வந்தான்.

"ஆமாங்க! நான்தான் போட்டேன்! நான் மட்டுந்தான்! புடிச்சிட்டுப் போங்க!"

"என்னாங்க ஒளறுறீங்க?" இராக்கம்மா வீரிட்டாள்.

"நீ சும்மா கெட!"

"ஆள் செத்தா ஒனக்குத் தூக்கு. தெரியும்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுங்க."

விலங்கு மாட்டப்பட்டது. தோலுரிந்த கையில் இரும்பு பட்டது கூட அவனுக்குத் தெரியவில்லை. இராக்கம்மா தரையில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கி விட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க இன்ஸ்பெக்டர்," என்றாள் ஜெனீரா.

"எனத்துக்கு? அவனே ஒத்துக்கொண்டான்!"

"பொய் சொல்றார். இந்த விஷம் ஒரு கரண்டியில, அதே நிமிசத்துல ஆளச் சாய்க்காது. நாள் கணக்கா, கிழமைக் கணக்கா உள்ள போய்த்தான் வேலையக் காட்டும். வீரய்யாட கையப் பாத்தீங்கதானே?"

"அப்ப நஸீர் ஏன் விழுந்தார்?"

"அதான் எனக்கும் வெளங்கல்ல."

ஜெனீரா மேசைக்குப் போனாள். ஒரு பக்கம் வீரய்யா கலக்கிய வாளி. மறுபக்கம் நஸீர் தின்ற கிண்ணம்.

வாளிப் பக்கம் ஓர் எறும்பு கூட இல்லை.

கிண்ணத்தில்... எறும்புப் பட்டாளம்! வரிசையாக, கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்தது மாதிரி!

கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டு போனாள் ஜெனீரா. ஒரு தடவை முகர்ந்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அப்புறம்... விழுந்து விழுந்து சிரித்தாள்!

இரசாயன அதிகாரி சிரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லைதான். அதற்காக இப்படியா? இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்து விட்டது.

"என்ன மெடம் பகிடி?"

ஜெனீரா அவருடைய காதில் இரண்டே வார்த்தை சொன்னாள். இன்ஸ்பெக்டரின் மீசை நெற்றிக்கு ஏறியது!

"வல்லாஹி?"

"நம்பாட்டி அவர்ட பையத் திறந்து பாருங்க."

நஸீரின் தோல் பைக்குள், பவுடர் டின்களுக்கு அடியில், துவாயில் சுற்றி வைத்த ஓர் அகல வாய் பிளாஸ்க்! இன்ஸ்பெக்டர் திறந்தார். பார்த்தார். மூடினார்.

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க! டிஸ்பென்சரிக்குப் போவோம்!"

டிஸ்பென்சரி வாசலிலேயே கூச்சல் கேட்டது.

நஸீர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தோட்டத்து மருந்துக்காரரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் கொண்டிருந்தான்.

"என்ட வயித்தக் கழுவுங்க! கை மரத்துப் போகும்! தோல் உரியும்! கால் வெளங்காமப் போகும்! எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைங்க ஈக்குது ஐயா!"

ஜெனீரா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமைதியாக உட்கார்ந்தாள்.

"ஏன் நஸீர் பதறுறீங்க? பொலிமர்தானே? சாப்பாட்டை விட நல்ல சாமான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது யாவாரப் பேச்சு மெடம்! நல்லா இறுகினதுலயும் விஷம் மிச்சமிருக்கும்! சொட்டு மருந்து விலை கூடன்னு கம்பெனியில பாதியாக் குறைச்சிட்டாங்க!"

"அப்ப கலக்கிறவங்களுக்கு ஆபத்துன்னு கம்பெனிக்குத் தெரியும்?"

"தெரியாம எப்படி? கொழும்புல கலக்கிறவங்களுக்குக் கையுறை, சப்பாத்து எல்லாம் குடுத்தீக்கு!"

"இங்க?"

நஸீர் வாசலைப் பார்த்தான். விலங்கிட்ட கையோடு வீரய்யா நின்றிருந்தான்.

"இங்க... குடுக்கல்ல."

"கேட்டீங்களா மருந்துக்காரர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாக் கேட்டேனுங்க! எந்தக் கோட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன்!"

ஜெனீரா விடவில்லை. "விஷம் திண்டீங்கன்னு உங்களுக்கு யார் சொன்ன?"

"அந்தப் பொம்புள!" நஸீரின் விரல் இராக்கம்மாவை நோக்கி நீண்டது. "தேத்தண்ணி நீட்டக்குள்ள காதுல சொன்னா... 'ஐயா, ஒங்க கிண்ணத்துல பச்சப் பவுடரு ஒரு கை போட்டிருக்கேன்'னு!"

அவ்வளவுதான். இராக்கம்மா உடைந்து போனாள்.

"சொன்னேன் சாமி! ஆனா போடலைங்க! மாரியாத்தா மேல சத்தியமாப் போடலைங்க! எம்புருசன் சோத்தப் பெசைஞ்சி வாயில வைக்க முடியாமத் தவிக்குது. இந்த ஆளு தின்னு காட்டிப் பல்ல இளிக்கிறாரு. நெசமாவே நல்ல சாமானா இருந்தா, பவுடரப் போட்டேன்னு சொன்னாலும் சிரிப்பாரு... பொய்யின்னா பயப்படுவாருன்னு சொல்லிப் பாத்தேன். மனுசன் பொத்துன்னு விழுந்துட்டாரு! நான் என்னாத்தப் பண்ணுவேன்?"

வீரய்யாவின் வாய் பிளந்தது.

"அடிப்பாவி! நீ நெசமாவே போட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"அதுக்குத் தூக்குக் கயித்துக்கு ஓடுவீங்களா? மூளை கீளை இருக்கா ஒங்களுக்கு?"

"ஒன்னைய உள்ள போட்டுட்டா நான் யாரோட சண்ட போடுறதாம்?"

இராக்கம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தும் விட்டாள். அவளுக்கு அவன் மேல் இருந்த ஆசை முகம் முழுக்கத் தெரிந்தது.

நஸீர் மலங்க மலங்க விழித்தான்.

"போடல்லையா...? அப்ப நான் திண்டது...?"

"நீங்க எப்பவும் திண்ணுறதுதான்!" ஜெனீரா கண்ணைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் பிளாஸ்க்கைத் தூக்கிப் பிடித்தார். "கடப்பாசி! நோன்பு தொறக்க எங்கட வீடுகள்ல செய்வோமே... பாலும் சீனியும் ரோஸ் எசன்ஸும் போட்டு, அதே கடப்பாசி! யாருட கைப்பக்குவம்?"

"என்ட பொஞ்சாதி... ஸித்தி ஸுபைதா..." நஸீரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "தோட்டத்துல பசியெடுத்தா திண்ணத்தான் கொண்டு போறன்னு நெனச்சிட்டிருக்கா..."

"வாளியில ஜெலி இறுகும். சனம் அதைப் பாக்கும். நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி, கிண்ணத்துல கடப்பாசியப் போட்டுக்கொண்டு வருவீங்க. ஏன்னா ஸ்டொப்போவத் திண்ண உங்களுக்கே பயம்!"

நஸீர் தலையைத் தொங்கப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் வீரய்யாவின் விலங்கைக் கழற்றினார். அதே விலங்கை நஸீரின் கையில் மாட்டினார்.

"கடப்பாசி திண்டது குத்தமில்ல தம்பி. விஷம்னு தெரிஞ்சும் அதை இன்னொருத்தன்ட வெறுங்கையால அள்ள வச்சியே... அதுக்குத்தான் இது!"

இராக்கம்மா மெதுவாக முன்னால் வந்தாள்.

"ஐயா... நான் பொய் சொல்லி ஆள விழுத்தாட்டுனது குத்தமுங்களா?"

"குத்தமா?" ஜெனீரா அவளுடைய தோளில் கை போட்டுக் கொண்டாள். "அதுக்குப் பேர்தான் ஆபத்துப் பரிசோதனை!"

வீரய்யா தன் கைகளைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"அம்மா... இது திரும்பி வருமுங்களா?"

"அந்தப் பவுடர இனித் தொடாம இருந்தா மெதுவா வரும். இப்படி ஆனவங்க அநேகம் பேருக்குச் சொகமாகி ஈக்கு. பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிப் போறன். செலவு கம்பெனிட தலையில!"

வீரய்யா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். இராக்கம்மா முந்திக் கொண்டு தன் முந்தானையால் துடைத்து விட்டாள்.

வெளியே வெயில் மலையில் இறங்கியிருந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் ஜெனீரா இன்ஸ்பெக்டரிடம் கை நீட்டினாள்.

"அந்த வரிய வெட்டச் சொல்லித்தான் எழுதப் போறன். பொலிமரா இருந்தாலும், மாலையில சேராத மணி எவ்வளவு மிச்சம்னு சொல்லாம யாருக்கும் பதிவு இல்ல! பிளாஸ்க்கத் தாங்க. சாட்சிக்குக் கொழும்புக்குக் கொண்டு போகணும்."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பிளாஸ்க்கைப் பின்னால் மறைத்தார்.

அவருடைய மீசை நுனியில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது!

"இன்ஸ்பெக்டர்! எனத்த செஞ்சீங்க?"

"மெடம்... கடப்பாசியும் பொலிமர்தானா?"

"ஓம். அதுவும் கோத்த மாலைதான். அதுக்கு?"

இன்ஸ்பெக்டர் நிஸாம் பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"நானே பரிசோதிச்சிட்டன். மிச்சம் ஒண்ணுமே இல்ல... தாராளமாப் பதியலாம்!"