தண்ணீர் பிடிக்க இறங்கியவர்

நாகஜோதி திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. நெய்க்காரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ரயிலிலேயே வந்திருக்கலாம், ஆனால் மதுரை போகும் அந்த ரயிலில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. பிளாட்பாரம் டிக்கெட் ஒன்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெண்கள் காத்திருக்கும் அறை வாசலில் ஜெயமேரி மாப்புக் கட்டையோடு நின்றிருந்தாள். அந்த அறையையும் பிளாட்பாரத்தையும் துடைப்பது அவள் வேலை. போன வருஷம் நாகஜோதியின் புருஷன் சுருளிவேல் இங்கே குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, ஓடிப்போய்த் தலையைத் தாங்கியவள் அவள்தான். அந்த நன்றிக்காகத்தான் போனில் கூப்பிட்டதும் நாகஜோதி கிளம்பி வந்துவிட்டாள்.

"மதுரை வண்டி வந்து நிக்கைல கொழா தானா தொறக்குதுக்கா. அங்கிருந்து ஈரக் காலடி. ஒவ்வொரு சன்னலாப் பாத்து, வண்டி கெளம்புனா கூடவே ஓடுது. இம்புட்டு வெயில்லயும் காய மாட்டேங்குது. தெனமும் நாந்தான் தொடைக்கிறேன்."

"அவருதான்னு எப்படிங்க சொல்றீங்க?"

ஜெயமேரி தயங்கினாள். "வலது கால்ல சுண்டு விரல் இல்லக்கா."

மண்வெட்டி பட்டுப் போன விரல் அது. நாகஜோதிதான் புண் ஆறும்வரை மருந்து வைத்துக் கட்டினாள்.

சுருளிவேலுக்கு ரயில் ஏறினால் கால் ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்குவார். வண்டி நகர்ந்ததும் கைக்குக் கிடைத்த பெட்டியில் தொற்றிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் அவள் ஜன்னலுக்கு வந்து இளிப்பார். பதினெட்டு வருஷமும் இதே கூத்துதான். அன்றைக்கு, "தொண்ட காயுதுங்க" என்று சொன்னவள் நாகஜோதி. செருப்பைக்கூட மாட்டாமல் பாட்டிலோடு இறங்கினார். அவர் போன் அவள் பையில் இருந்தது.

வண்டி நகர்ந்தது. ஆள் வரவில்லை.

அவள் பயப்படவில்லை. கோபப்பட்டாள். ஏதாவது ஒரு பெட்டியில் ஏறியிருப்பார், வரட்டும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று கறுவிக்கொண்டே மதுரை வரை போனாள். அங்கே ஒரு போலீஸ்காரர் பெட்டி பெட்டியாக அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சுருளிவேல் கடைசியாக ஜெயமேரியிடம் சொன்னது அந்தப் பெயரைத்தானாம். அவர் செத்துக் கிடந்த அவ்வளவு நேரமும் அவள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இனியாவது அந்த மனுஷனை ஓடவிடக் கூடாது. 'தண்ணி குடிச்சிட்டேனுங்க, நீங்க போய் ஓய்வெடுங்க' என்று சொல்லிவிட்டால் போதும். பஸ்ஸில் வரும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

உச்சி வெயிலில் பிளாட்பாரம் கொதித்தது. மதுரை வண்டி வந்து நின்றது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டி மோதிக்கொண்டார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது கேட்டது.

குழாய் திறக்கும் சத்தம்.

தண்ணீர் கீழே சிந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத எதற்குள்ளோ விழுந்து நிறைந்துகொண்டிருந்தது. புழுதியில் முதல் மழை விழுந்ததுபோல ஈரவாடை அடித்தது.

சிமெண்டுத் தரையில் ஒரு காலடி விழுந்தது. பிறகு இன்னொன்று.

"என்னங்க" என்றாள்.

அது அவளைக் கடந்து போய்விட்டது.

முதல் ஜன்னலில் நின்றது. அடுத்த ஜன்னலுக்குப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிளாட்பாரத்தில் நிற்கிற நாகஜோதி அவருக்குத் தெரியவில்லை. அவர் தேடுகிறவள் வண்டிக்குள் இருக்கிறாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். காலியாக இருந்த ஒரு ஜன்னலோரம் விழுந்தடித்து உட்கார்ந்தாள்.

காலடி வந்தது.

நின்றது.

ஜன்னல் கம்பியில் நாலு விரல் அகலத்துக்கு ஈரம் படர்ந்தது.

"இந்தா புள்ள."

காதோரம் மூச்சிரைப்பாகக் கேட்ட குரல். அவள் கையைக் குவித்து நீட்டினாள். உள்ளங்கையில் தண்ணீர் நிறைந்தது, பல் கூசும் குளிர்ச்சி. குடித்தாள். கண்ணீரும் அதுவும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. எதிர் இருக்கைக்காரர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

வண்டி குலுங்கி நகர்ந்தது.

பதினெட்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஏனுங்க, நிக்காதீங்க! ஓடியாங்க, ஏறுங்க!" என்று கத்திவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே காலடிகள் ஓடத் தொடங்கின. வண்டி அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது.

அடுத்த நிறுத்தமான கொடைரோட்டில் யாரும் ஜன்னலுக்கு வரவில்லை. மதுரையில் இறங்கி, போன வருஷம் செய்யாததை இந்த வருஷம் செய்தாள். ஒவ்வொரு பெட்டியாக ஏறிப் பார்த்தாள். எந்தத் தரையிலும் ஈரமில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு எதைச் சொல்லித் தொலைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

போன் அடித்தது. ஜெயமேரி.

"எங்கக்கா இருக்கீக? அப்பருந்து கூப்புடுறேன், லைனே கெடைக்கல." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இன்னைக்குப் பிளாட்பாரத்தோட நிக்கலக்கா. சரிவுல எறங்கி, தண்டவாளத்துக்கு நடுவால போயிருச்சு. கல்லெல்லாம் ஈரம். மதுரப் பக்கமா."

நாகஜோதி போனை அணைத்தாள். பிளாட்பாரத்தின் வடக்குக் கோடிக்கு நடந்து போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அறுபது கிலோமீட்டருக்கு மேல். வெறுங்காலோடு, அனல் பறக்கும் ஜல்லியில், நெஞ்சுவலிக்காரர். அவள் கூப்பிட்டதற்காக.

மதியம் போனது. வெயில் சாய்ந்தது. எத்தனையோ வண்டிகள் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

பொழுது மங்கும் நேரத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே தூரத்தில் ஒரு கல் நனைந்து கறுத்தது.

அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று.

மறுபடி எதையாவது சொல்லிவிடுவோமோ என்று, நாகஜோதி இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.