சேதுராமனின் பசி

சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்குச் சேதுராமனின் பசி அவருடைய மகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்து நிமிடம் முன்னதாகவே அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, பசியை அனுப்பும் தருபட்டையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். எதிரே பதினேழு வயது ஆதிரை, தட்டைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்குப் பின்னால் பெறுபட்டை. நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அதற்குப் பசிப்பாலம் என்று பெயர். வரும் பசியின் அளவை அது எண்ணாகக் காட்டும்.

"இன்னிக்கு எவ்வளவு காட்டுது?" சமையலறையிலிருந்து அவர் மனைவி கோசலை கேட்டாள்.

"எழுபத்தெட்டு."

சொல்லும்போது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கிரிக்கெட்டில் அடித்த ரன் மாதிரி சொன்னார். கருவியின் விளக்கு பச்சையானது. ஆதிரையின் தோள் மெல்லத் தளர்ந்தது. சன்னலை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தாள். சாம்பார் சாதத்தில் கை வைத்தாள். ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் வாழைக்காய் வறுவல். கோசலை கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த வீட்டில் ஒரு பெண் சாப்பிடுவதை இரண்டு பேர் இப்படித் திருவிழா மாதிரி பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாக ஆதிரை சாப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஒரு நாள் சேது தட்டைத் தூக்கி எறிந்தார். ஒரு வாய் சோறு விழுங்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாவது முறை, "இன்னொரு தடவை இந்த நிலைமைக்கு வந்தா இதயம் தாங்காது," என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் தாம்பரத்தை அடுத்த 'மீள்மனை' ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே டாக்டர் பெனினா கண்டுபிடித்திருந்தது இதுதான்: இந்த நோயில் உடம்புக்குப் பசிக்கிறது. ஆனால் அந்தச் செய்தி மனசுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் இருக்கும் பயம் அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே, பயமே கலக்காத ஒரு பசியை இன்னொருவரிடமிருந்து இரவல் வாங்க வேண்டும். இரத்த உறவாக இருந்தால்தான் நரம்பு ஏற்றுக்கொள்ளும். கருவி இயங்கும்வரை அது தன் பசி போலவே இருக்கும். நாள்பட நாள்பட, சொந்தப் பசிக்கும் வழி திறக்கும்.

கோசலைக்குச் சர்க்கரை. அவள் பசி மயக்கத்தோடு கலந்து வந்ததால் ஒத்துவரவில்லை. அவளுடைய தம்பி தங்கைகளும் தேறவில்லை. ஜெயித்தது சேதுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் முதல் பந்தி எப்போது என்று கேட்கிற மனிதர் அவர். பசி வந்துவிட்டால் வேலை பார்க்கும் மழைநீர் இறைக்கும் நிலையத்தில் வெள்ளமே வந்தாலும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்.

பசி மட்டும் போதாது. கொடையாளரின் மனம் உறுதியானதா என்று பார்க்க நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு மீள்திறன் தேர்வும் உண்டு. பிரியமானவர்களுக்காக எவ்வளவு கஷ்டம் தாங்குவீர்கள் என்ற கேள்விக்குச் சேது, "எவ்வளவு வேணும்னாலும்," என்று பதில் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். 'மிகப் பொருத்தம்' என்று எழுதிய பெனினா, விதிகளைப் படித்துக் காட்டினார். கொடையாளர் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பசியைத் தள்ளக் கூடாது. பெறுபவரோடு சேர்ந்தே சாப்பிட வேண்டும். சேது தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் ஆதிரை ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். கோசலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று கருவி அறுபத்திரண்டு காட்டியது. சேது அந்த எண்ணை மனசில் முடிந்துவைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, வேலை அவசரத்தில் காலை டிபனை விட்டுவிட்டார். மதியம் எண் எழுபதைத் தொட்டது. ஆதிரை இன்னொரு கரண்டி சாதம் கேட்டாள். தானாகக் கேட்டாள். அப்புறம் அந்தத் தகப்பன் சும்மா இருப்பாரா?

மறுநாளிலிருந்து காலை டிபன் நிலையத்தின் பூனைக்குப் போனது. அடுத்த மாதம் இரவுச் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. சேர்ந்து சாப்பிட வேண்டிய மதியத்தில்கூடச் சாதத்தைப் பிசைந்துகொண்டே நேரத்தை ஓட்டக் கற்றுக்கொண்டார். "என்ன சார், ஆளே இளைச்சு சூப்பரா ஆயிட்டீங்க?" என்று நிலையத்தில் கேட்டார்கள். அவருக்கு அதுவும் பிடித்திருந்தது. மகள் தேறி வந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, சண்டை போட்டாள், சிரித்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"காலைல சாப்டீங்களாப்பா?" இன்று ஆதிரை வறுவலை மென்றுகொண்டே கேட்டாள்.

"சாப்டேனே. நாலு இட்லி."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த வாரம் எண் விழ ஆரம்பித்தது. எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது. சேதுவுக்கு நெஞ்சு திக்கென்றது. இன்னும் பட்டினி கிடந்தால் ஏறிவிடும் என்று நினைத்தார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் கருவி பத்தொன்பது காட்டியது. அதைவிட ஆச்சரியம், அவருக்குப் பசிக்கவேயில்லை. உடம்பு லேசாக, தலை தெளிவாக, எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

பாலம் பச்சையானதும் ஆதிரை கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அப்பா, பசி வரல. வேற ஒண்ணு வருது."

"என்ன வருது?"

"சாப்பிடாம இருந்துட்டோம்ங்கற சந்தோஷம். எனக்கு இது நல்லாத் தெரியும்பா. ரெண்டு வருஷம் இதோடதான் இருந்தேன்."

"உளறாதே. மெஷின்ல ஏதோ கோளாறு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். காலையில் மிஞ்சிய ஓர் இட்லியைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். "அப்போ இதைச் சாப்பிடுங்க. ஒண்ணே ஒண்ணு."

சேது சிரித்தார். இட்லிதானே. கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. வெள்ளையாக, உப்பலாக, ஒரு காலத்தில் பத்து பதினைந்து உள்ளே தள்ளிய அதே இட்லி. இதைத் தின்றால் இவ்வளவு நாள் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்று உள்ளே யாரோ சொன்னார்கள். எது போய்விடும் என்று அவருக்குத் தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது.

"என்னங்க?" என்று கோசலை அவர் தோளைத் தொட்டாள். தொட்ட இடத்தில் எலும்புதான் தட்டுப்பட்டது. அவளுக்குப் பகீரென்றது. மகளையே பார்த்துக்கொண்டிருந்த கண், புருஷனைப் பார்க்கத் தவறிவிட்டது.

மீள்மனையில் டாக்டர் பெனினா அவர்களை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "தப்பு உங்க மேல மட்டும் இல்ல சார். எங்ககிட்ட நூத்து நாப்பது கொடையாளர்கள் இருக்காங்க. அதுல அம்பத்தோரு பேர் சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. அத்தனை பேரும் எங்க தேர்வுல தொண்ணூறுக்கு மேல வாங்கினவங்க."

"நல்ல மார்க்தானே டாக்டர் அது?" என்றாள் கோசலை.

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். கஷ்டத்தைத் தாங்கறது வேற, அதுலேர்ந்து மீண்டு வர்றது வேறம்மா. நிறுத்தத் தெரிஞ்சவங்களை நாங்க தேடியிருக்கணும். நிறுத்தவே தெரியாதவங்களுக்கு முழு மார்க் போட்டுட்டோம்." பெனினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சாருக்கு ஒரு கொடையாளர் வேணும். சீக்கிரமா வேணும். இரத்தப் பரிசோதனை நல்லா இல்ல."

சேது வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. இரத்த உறவு என்று மிச்சமிருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"என் பசியை எடுத்துக்குங்க," என்றாள் ஆதிரை.

"வேணாம். இப்பத்தான் பொழச்சு வந்திருக்கே. அதெல்லாம் வேணவே வேணாம்," என்றார் சேது.

"மூணு வாரமா எனக்கே தானாப் பசிக்குதுப்பா. கொஞ்சமாத்தான். ஆனா பசிக்குது."

அளந்து பார்த்தார்கள். முப்பத்துநான்கு. அவளுடையதே ஆன பசி. பெனினாவுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. தேர்வு இப்போது மாற்றப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். அதை அவர் வாய்விட்டே கேட்டார்.

"உங்கப்பா சாப்பிடலைன்னா, எவ்வளவு நேரம் பசியோட காத்திருப்பே?"

"ஒரு மணி நேரம்," என்றாள் ஆதிரை, யோசிக்காமல். "அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன். அவர் சாப்பிடலைன்னாலும் நான் சாப்பிட்டுருவேன்."

இதைவிட ஆரோக்கியமான பதில் இருக்க முடியாது. பெனினா நிம்மதியாக மூச்சு விட்டார். சேதுவுக்குக்கூட, சுருக்கென்று இருந்தாலும், ஆறுதலாக இருந்தது. மகள் தேறிவிட்டாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இரண்டு வருடம் ஒவ்வொரு மருத்துவருக்கும் அவரவர் கேட்க விரும்பிய பதிலைச் சரியாகச் சொல்லிப் பழகிய பெண் அவள் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மதியம் மீள்மனையின் சாப்பாட்டு அறையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இந்த முறை பட்டைகள் இடம் மாறியிருந்தன. இருவர் தட்டிலும் எலுமிச்சை சாதமும் சுட்ட அப்பளமும் இருந்தன. பெனினா பாலத்தை இயக்கிவிட்டு, ஒரு மணி நேரம் ஆனால் மஞ்சள் விளக்கு எரியும், உடனே சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஆதிரையிடம் சொன்னார். பக்கத்து அறையில் வேறொரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது. அங்கே போனார்.

மகளின் பசி சேதுவுக்குள் வந்தது. சின்னப் பசி. அதைச் சுற்றிலும் பயம் மொய்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பயத்தோடா இவள் ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்? இவளிடமா நான் தட்டை எறிந்தேன்? அவருக்குக் கண் கலங்கியது. அவருடைய பயத்தோடு அவள் பயமும் சேர்ந்துகொள்ள, கை மடியிலேயே கிடந்தது. அரை மணி ஆயிற்று. ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சாப்பிடும்மா, நேரமாச்சு," என்றார்.

"அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்பா," என்றாள் ஆதிரை. தட்டை விரலால் அப்படியே கொஞ்சம் தள்ளினாள். "நீங்க முதல்ல சாப்பிடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. புன்னகைகூட இருந்தது. ஆனால் பாலம் வழியாக அவருக்குத் தெரிந்தது. பசி கூடிக்கொண்டே வந்தது. அதைச் சுற்றியிருந்த பயம் அடங்கி, அதன் இடத்தில் வேறொன்று எழுந்தது. லேசான, தெளிவான, எதையோ ஜெயித்துவிட்ட சந்தோஷம். அது தன்னுடையதா, மகளுடையதா என்று ஒரு கணம் தடுமாறினார். பிறகு புரிந்தது. அது மகளுடையது.

சேது சாதத்தை அள்ளி வாயில் திணித்துக்கொண்டார். மெல்லாமல் விழுங்கினார். தொண்டையை அடைத்தது, மறுபடியும் அள்ளினார். பசியால் அல்ல, ருசியால் அல்ல, பெற்ற பெண்ணைப் பற்றிய பீதியால் அந்தத் தட்டு முழுவதையும் காலி செய்தார். "சாப்டுட்டேன் பாரு. நீ சாப்பிடு. இப்பவே சாப்பிடு கண்ணு," என்று கெஞ்சினார்.

"பார்த்தீங்களா, வேலை செய்யுதுப்பா," என்றாள் ஆதிரை. சாவகாசமாகத் தன் தட்டை இழுத்துக்கொண்டாள்.

கருவி இருவரும் சாப்பிட்டதைப் பதிவு செய்துகொண்டது. பெறுபவர் தட்டு முழுவதும் காலி, அமர்வு வெற்றி என்று அதன் திரையில் வரி ஓடியது. வெற்றி எந்த நிமிடத்தில் வந்தது என்று கணக்குப் போட்டு, அடுத்த அமர்வில் கொடையாளரின் காத்திருப்பு நேரத்தை இன்னும் ஐந்து நிமிடம் கூட்டலாம் என்று பரிந்துரையும் செய்தது. டாக்டர் பெனினா வந்து அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஆதிரை பார்த்துவிட்டாள்.