புதன்கிழமைப் பித்தான்கள்

ரொட்டி டப்பாவை மாமியார் மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு துணுக்குகூட விழவில்லை.

"பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! நேத்து சாயங்காலம் வாங்கி வெச்ச ரொட்டி... பிஸ்கட் டப்பாவும் காலி. ஜாம் பாட்டில வழிச்சு வெச்சிருக்கு. எலின்னு மட்டும் சொல்லாதீங்க. எலிக்கு மூடி திருகத் தெரியாது!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

"காலங்காத்தால ஹாரன் அடிக்காதடி. போனாப் போகுது, இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

"நீங்க பேப்பரப் படிங்க. வண்டி எங்க போகுதுன்னு நான் பாத்துக்கறேன்!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர்கள் மகள் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் சிட்டு. முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்தது மருமகள் ஒருத்திதான். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான்தான் அத்தை... எனக்குத்தான் பசிச்சுது."

"உனக்கா?" மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு முழு ரொட்டி தின்னவ ஒடம்பா இது? ஊசிக்கு சேலை கட்டின மாதிரி நிக்கற! உன் தம்பிக்கு வேலை போனதுலேருந்துதான் இந்த வீட்டு டப்பாவெல்லாம் காத்தாடுது. வாயத் திறந்து கேட்டா நானே கட்டிக் குடுக்க மாட்டேனா? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். அவன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி இந்த வீட்டுப் படியேறியே பல மாதங்களாகின்றன என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. மாமியார் சொன்ன சொல்லைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

*

மாடியில் வீடு, கீழே பெண்களுக்கான தையல் கடை. கணவன் துணி வெட்டுவான், மாமியார் அளவெடுத்துத் தைப்பாள், மருமகள் பித்தான் வைத்து ஓரம் அடிப்பாள். சிட்டுவின் வேலை நிற்பது. புது மாதிரி எதுவானாலும் முதலில் அவள் உடம்பில்தான் ஏறும். 'சிட்டு அளவு' என்றால் அந்தக் கடையில் அதுவே ஓர் அளவு. "என் பொண்ணுதான் என் கடையோட ஸ்கேல்!" என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிப் பூரிப்பாள்.

அளவுகளை உரக்கக் கூவுவது மாமியாரின் பழக்கம். மார்பு, இடுப்பு எல்லாம் தெருமுனை வரை கேட்கும். போன வருஷம் ஒரு கவுனின் ஜிப் பாதியில் நின்றபோதும் அப்படித்தான் கூவினாள்.

"அய்யய்யோ, ஸ்கேலே வீங்கிருச்சு!"

கடையே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் சிட்டுதான். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் பிற்பகல், பட்டன் டப்பாவைத் தேடிக் கடையின் பின்னறைக்குப் போன மருமகள், துணிக் கட்டுகளுக்கு நடுவே சிட்டுவைக் கண்டாள். தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. கைகள் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணி... பாக்காதீங்க... போயிடுங்க அண்ணி!"

மருமகள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்த முடியல அண்ணி. நாள் முழுக்கப் பட்டினி கிடப்பேன். அப்புறம் எனக்கு என்னமோ ஆயிடுது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

"சொல்லல. ஆனா இத சரி பண்றவங்க எங்கயாவது இருப்பாங்க. தேடுவோம்."

தேடினார்கள். தெருமுனை டாக்டர், "வாயக் கட்டும்மா, காலைல நட" என்றார். கெட்ட மனிதரல்ல. அவருக்குப் பழக்கமில்லாத நோய், அவ்வளவுதான். வீடு வரும்வரை சிட்டு அழுதாள். ஆனால் ஒரு கதவு மூடினால் அண்டைக் கதவைத் தட்டும் புத்தியையும் கடவுள் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார். சீருடையின் ஓரத்தை மடித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஒரு நர்ஸம்மாவின் காலடியில் உட்கார்ந்து குண்டூசி குத்தும்போது, மருமகள் மெல்லக் கேட்டாள்.

"என் சிநேகிதி ஒருத்தி... சாப்பாட்டு விஷயத்துல ரொம்பக் கஷ்டப்படறா..."

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். யார் அந்தச் சிநேகிதி என்று கேட்கவில்லை.

"எங்க ஆஸ்பத்திரில பின் கட்டடம், மாடி. இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா புதன்கிழமை உக்காருவாங்க. கூடவே டயட்டீஷியனும் உண்டு. திட்ட மாட்டாங்க. எடை பாத்து சத்தமா நம்பர் சொல்லவும் மாட்டாங்க. சிநேகிதிய தைரியமா வரச் சொல்லு."

அப்போதிருந்து புதன்கிழமை தவறாமல் இருவரும் போனார்கள். வீட்டில் சொன்ன காரணம், பித்தான் வாங்கப் போகிறோம் என்பது. சொன்ன பொய்க்காகப் பித்தானும் வாங்கியாக வேண்டியிருந்தது. கடை அலமாரியில் பித்தான் மலைபோலக் குவிந்தது. "ஒரு ராணுவத்துக்கே சட்டை தைக்கலாம்" என்றார் மாமனார்.

டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இது பேராசையும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. ஈட்டிங் டிஸார்டர்னு ஒரு நோய். பட்டினி போட்டா ஒடம்பு எவ்வளவு நேரம் பொறுக்கும்? ஒரு நேரத்துல கதவ ஒடைச்சுட்டு வரும். அப்புறம் வெக்கம். அந்த வெக்கத்துக்குத் தண்டனையா மறுபடி பட்டினி. இந்தச் சுத்துலேருந்து உன்ன வெளிய கொண்டு வர்றது எங்க வேலை. நீ வந்துக்கிட்டே இரு, போதும்."

சிட்டு அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேளைக்கு வேளை எப்படிச் சாப்பிடுவது என்று டயட்டீஷியன் மெல்ல மெல்லப் பழக்கினாள். மோசமான நாட்கள் குறைந்தன. ஆனால் நிற்கவில்லை. அப்படி வந்த ஒரு மோசமான நாள்தான் அந்த ரொட்டி.

*

ரொட்டி டப்பா கவிழ்ந்த அந்த நாளும் ஒரு புதன்கிழமைதான். மருமகளின் வீங்கிய கண்களை டாக்டரம்மா கவனித்தாள்.

"வீட்ல சாப்பாடு காணாமப் போனா யாரு மேல பழி விழுது?"

"என் மேலதான் டாக்டர். பரவால்ல. நான் தாங்கிக்குவேன்."

"ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு. ஆனா கொஞ்சம் யோசிங்க. ரொட்டி தின்னது எவ்வளவு பெரிய குத்தம், அதுக்காக ஒருத்தி திருட்டுப் பட்டமே வாங்கிக்கறாளேன்னு இவ மனசு படிக்குது. நீங்க சுமக்கச் சுமக்க, இவ வெக்கம் கூடுது. வீட்டுக்குத் தெரிஞ்சா நல்லது. ஆனா எப்போ, எப்படிங்கறத சிட்டுதான் முடிவு பண்ணணும். நாங்க கூட இருப்போம்."

திரும்பும்போது பஸ்ஸில் மருமகளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் பல்லைக் கடித்துச் சுமந்ததற்கு இதுவா பேச்சு? ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோது, உள்ளே ஒன்று உறுத்தியது. மௌனமாகப் பழி சுமப்பதில் தனக்கே ஓர் இனிப்பு இருந்தது. நான் எவ்வளவு நல்லவள் என்ற இனிப்பு... 'கடவுளே, இதையும் எடுத்துக்கொள்' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கடையில் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குப் புது கவுன் போட்டுப் பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. டீச்சரைச் சுற்றிலும் குண்டூசி. மாமியாரின் வாயிலும் குண்டூசி. அதை எடுக்காமலே ஆரம்பித்தாள்.

"வந்துட்டாங்க பித்தான் மகாராணிங்க! டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க, வாராவாரம் பித்தான் வாங்கறவங்கள எங்கயாவது பாத்திருக்கீங்களா? எல்லாம் சாக்கு! என் வீட்டு சாப்பாட்டத் திருடித் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வர்றா!"

"அத்தை... டீச்சர் முன்னாடி..."

"தெரியட்டும்! இனிமே சிட்டு உன்கூட வர மாட்டா. என் பொண்ணையும் திருட்டுக்குக் கூட்டு சேக்காத! அது முடியலேன்னா உன் தம்பி வீட்லயே போய் இருந்துக்க!"

சிட்டு இனிமேல் வர மாட்டாள்... மருமகளின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. தனக்கு வந்த பழி போகட்டும். இந்தப் பெண் பாதி வழியில் நின்றுவிட்டால்? பொறுத்துக் கொள்வதா, உடைத்துச் சொல்வதா என்று தெரியாமல் சிட்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க பேசாதீங்க," என்றாள் சிட்டு. "இன்னிக்கு நான் பேசறேன்."

"என்னடி பேசப் போற?"

"ரொட்டியத் தின்னது நான். பிஸ்கட்டும் நான், ஜாமும் நான். இத்தன மாசமா எல்லாம் நான்தாம்மா! எனக்கு ஒரு நோய். நாங்க புதன்கிழமை போறது ஆஸ்பத்திரிக்கு. அண்ணி எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க. அவங்க தம்பி வீட்டுக்கு ஒரு பிஸ்கட்கூடப் போனதில்ல!"

மாமியாரின் வாயிலிருந்து குண்டூசிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"நான் வேணா... உள்ள போய் மாத்திக்கிட்டு..." என்றார் டீச்சர்.

"அசையாதீங்க, குத்திடும்!" என்றாள் மாமியார், மகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே. "நோயா...? சாப்பிடறதுல நோயா? பசிச்சா அம்மாகிட்ட கேட்டா தர மாட்டேனாடி?"

"பசி இல்லம்மா. பயம். ஒடம்பு கூடிடுமோன்னு பயம். நான் ஸ்கேல் இல்லாமப் போயிட்டா இந்தக் கடைக்கு நான் எதுக்குன்னு பயம்..."

மாமியார் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தெனம் ஒன்ன அளந்தேனேடி... அங்குலம் அங்குலமா அளந்தேனே! இத மட்டும் எப்படிப் பாக்காமப் போனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அசையக் கூடாத டீச்சர் அசையாமலே அழுதார்.

அன்று மாலை கணவன் மருமகளின் எதிரே வந்து நின்றான்.

"காலைல நான் வாயத் திறந்திருக்கணும்."

"இப்பவாவது திறந்தீங்களே," என்றாள். கொஞ்ச நேரம் அவனை அப்படியே நிற்க வைத்துவிட்டுத்தான் சிரித்தாள்.

*

அடுத்த புதன்கிழமை குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. மாமியார் கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்துவிட்டாள். டாக்டரம்மாவின் முன் அதை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னாலதானே டாக்டர்?"

"யாரோ ஒருத்தரால வர்ற நோய் இல்லம்மா இது. ஆனா குணமாக நீங்க எல்லாரும் வேணும். எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டாங்க, யார் இளைச்சாங்க, யார் பெருத்தாங்கங்கற பேச்சே வேண்டாம்."

"அப்போ என்னதான் பேசறது?" என்றாள் மாமியார் உண்மையான கலவரத்துடன்.

அன்று மதியமே பரீட்சை. ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐந்து பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

"மழை வரும்போல..." என்றார் மாமனார். வெளியே வெயில் கொளுத்தியது.

மாமியார் வாயைத் திறந்தாள், மகளின் தட்டைப் பார்த்தாள், சட்டென்று தண்ணீர் குடித்தாள். மறுபடி திறந்தாள், மறுபடி குடித்தாள். செம்பு காலியானதும் வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"ஏங்க... ஒட்டகச்சிவிங்கிக்கு சளி பிடிச்சா, தொண்டை எவ்வளவு தூரத்துக்கு வலிக்கும்?"

மாமனாருக்குப் புரையேறியது. கணவன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். சிட்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடையில் சிரித்த அந்தச் சிரிப்பல்ல இது. சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மாமியார் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ தியாகங்கள் நடந்திருக்கலாம். இதைவிடப் பெரியது நடந்ததில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. சறுக்கிய நாட்களும் இருந்தன. ஆனால் அப்போதெல்லாம் சிட்டு தானே வந்து, "நேத்து முடியலம்மா" என்று சொன்னாள். "சரிடி, புதன்கிழமை டாக்டர்கிட்ட சொல்லுவோம்" என்றாள் அம்மா. கடையில் துணி மாட்டிப் பார்க்க ஒரு மரப் பொம்மை வந்தது. சிட்டு நிற்பதை விட்டுவிட்டு வெட்டப் பழகினாள். அண்ணனைவிட நேராக வெட்டுகிறாள் என்று அண்ணனே புலம்பினான்.

டீச்சரின் அடுத்த கவுனுக்கு மருமகள் குண்டூசி குத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், மாமியார் காலையிலேயே எங்கோ போய்விட்டுக் கடைக்குள் நுழைந்தாள். பையை வைத்தவள், நேராக மருமகளின் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் கேளுங்க. அன்னிக்கு உங்க முன்னாடி இவளத் திருடின்னேன். இவ திருடி இல்ல. என் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்தவ. என்ன மன்னிச்சுடும்மா..."

"விடுங்க அத்தை... எதுக்கு எல்லார் முன்னாடியும்..."

"விட மாட்டேன்! பழி சொல்லும்போது ஊரக் கூட்டிட்டு, மன்னிப்ப மட்டும் மூலைல கேக்கறதா? இப்போகூட உன் தம்பி வீட்லேருந்துதான் வரேன். அவன்கிட்டயும் கேட்டுட்டேன்."

மருமகள் திகைத்தாள். "தம்பி என்ன சொன்னான் அத்தை?"

"'அக்கா நல்லா இருக்காளா'ன்னு கேட்டான். டீ குடுத்தான். சர்க்கரை போட மறந்துட்டான்." மாமியார் நெஞ்சில் கைவைத்தாள். "நான் ஒண்ணுமே சொல்லல!"

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கைகள் அவளை இறுக்கிக்கொண்டன. எத்தனை வருஷம் ஒரே மெஷினருகே உட்கார்ந்திருந்தார்கள்! இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

"இப்ப நான் அசையலாமா?" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போது மாடிப்படியின் உச்சியிலிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. ஒளிந்து சாப்பிட்ட பெண்ணின் குரல் தெருவுக்கே கேட்டது.

"சாப்பாடு எடுத்து வெச்சாச்சு! அம்மா, அண்ணி, எல்லாரும் வாங்க! டீச்சர், நீங்களும்தான்... எனக்குப் பசிக்குது!"